ஆபீஸ் விட்ட பிறகு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மென்பொருள் துறையில் வேலைவாய்ப்பு பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் கேட்டார். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் சாதாரண புரோகிராமர். பகலில் வங்கிக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். அதைப் பற்றிப் பேசினால் நீங்களும் தூங்கிடுவீங்க, நானும் தூங்கிடுவேன். ஆகவே ராத்திரி ஒன்பதரைக்கு மேலே நான் செய்கிற இரண்டு காரியங்களைப் பற்றிப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒன்று, பழைய தமிழ்க் கோப்புகளைத் திறக்க ஒரு சின்ன மென்பொருள் எழுதுவது. இன்னொன்று, அதிகம் பேர் பார்க்காத பழைய படங்களைத் தேடுவது. “பொழுதன்னிக்கும் அந்தப் பொட்டியைத்தானே பாக்குற, வீட்டுக்கு வந்தும் அதையா?” என்று எங்க அம்மா கேட்காத நாள் கிடையாது.

முதலில் மென்பொருள். மாணவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம்: 1990-களில் கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது. அதை ஏமாற்றித்தான் எழுத வைத்தார்கள். ஐரோப்பிய மொழி எழுத்து ஒன்றுக்கான எண்ணை எடுத்து, அந்த இடத்தில் ‘க’ வரைந்த ஓர் எழுத்துரு செய்துவிடுவார்கள். அந்த எழுத்துரு இருக்கிற மெஷினில் தமிழ் தெரியும். இல்லாத மெஷினில் திறந்தால் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். அதிலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் வரிசை. ஒரு டி.டி.பி. கடையில் அடித்ததை அடுத்த தெருக் கடையில் திறக்க முடியாது.

இதைச் சரி செய்யப் பாடுபட்டவர்களில் பலர் ஓய்வு நேரத்தில்தான் அதைச் செய்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அவரும் நம்மைப் போல ஒரு பொறியாளர். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் அவர் முன்னணியில் நின்றார். தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்திலிருந்து எத்தனையோ நூல்களைத் தட்டச்சு செய்தது அந்தத் திட்டத்தில்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, தமிழ் 99 விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீடுகளுக்கும் ஒரு தரம் வகுத்தது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தும், சாதாரண மெஷின்களில் அது ஒழுங்காகத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல்.

சரி, இப்போதுதான் யூனிகோடு வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததே என்பீர்கள். புதிதாக எழுதுவதற்குத் தீர்ந்தது. பழையது அப்படியே கிடக்கிறது.

மாற்றுவது லேசு, எண்ணுக்கு எண் போட்டால் போதும் என்றுதான் தோன்றும். தமிழ் விடாது. பழைய எழுத்துருவில் தட்டச்சு மாதிரி கொம்பு முதலில், எழுத்து பிறகு. ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் ‘க’ முதலில் வரவேண்டும். எனவே நிரல், கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்து வரும்வரை காத்திருக்கணும். அதற்கும் பின்னால் கால் வருகிறதா என்று எட்டிப் பார்க்கணும்.

ரொம்ப வேடிக்கை ‘கௌ’வில்தான். பல எழுத்துருக்களில் ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது, ‘ள’வையே போட்டுவிடுவார்கள். கொம்பு, க, ள என்று வந்தால் அது ‘கௌ’வா, ‘கெள’வா? ள-வுக்குப் பின்னால் புள்ளியோ விசிறியோ இருந்தால் அது நிஜமான ள; ‘வெளி’ தப்பித்துவிடும். வெறும் ள நின்றால், எழுத்து நடையில் பெரும்பாலும் ஔகாரம்தான்: கௌரவம், வௌவால். ஆனால் விடுதி மலர் எழுத்து நடையிலா இருக்கும்? “பஸ் கெளம்பிடுச்சு மாப்ளே” என்று எழுதியிருப்பான். விதியை மட்டும் நம்பினால் பஸ் ‘கௌம்பி’விடும். ஆகவே கெளம்பு, வெளக்கு, வெளம்பரம் என்று பேச்சு வழக்குச் சொற்களாக ஒரு பட்டியல் சேர்த்து வைத்திருக்கிறேன். இலக்கணப் புத்தகத்தில் கிடைக்காத பட்டியல் அது. மெஸ்ஸில் சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும்.

இந்த மென்பொருளில் நான் முதலில் திறந்தது நம் விடுதி மலர் ஒன்று. பேஜ்மேக்கரில் செய்தது; அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பே 2001-இல் வந்ததுதான். குறுந்தகடு ஒரு நண்பர் வீட்டுப் பரணில் கிடந்தது, அச்சுப் பிரதி யாரிடமும் இல்லை. அதில் நம் பட்டறையில் உதவியாளராக இருந்து காலமான ஒருவரின் கட்டுரை இருந்தது. லேத் ஓடும்போது சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வது எப்படி என்று இரண்டரைப் பக்கம். அவர் எழுதி நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர் மகளுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தோம். அப்பா எழுதுவார் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இனி படம். காரைக்குடிக்காரர்களுக்கு ஏவி.எம். பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தி, 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தைத் தந்தார்கள். அடுத்த ஆண்டு ‘வேதாள உலகம்’. முதல் படத்தை எல்லாரும் சொல்வார்கள். இரண்டாவதையும் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், டி.ஆர்.மகாலிங்கம் நடித்தது. கதை நடுவில் கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் நம்ம ஊரில் எடுத்த படம்.

நான் அதிகம் தேடியது வேறு படம். கோட்டையூர் இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம். அந்த ஊரில் 1911-இல் பிறந்தவர் ஏ.கே.செட்டியார். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்க அவருக்கு எண்ணம் வந்தது. அப்போது வயது இருபத்தாறுகூட நிறையவில்லை. உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, பலர் பல ஆண்டுகளாக எடுத்து வைத்திருந்த படத்துண்டுகளைத் தேடி, ஐம்பதாயிரம் அடி சேர்த்தார். 1940 ஆகஸ்டில் தமிழில் படம் வெளிவந்தது. பிரிட்டிஷ் ஆட்சி, உலகப்போர் வேறு.

அந்தத் தமிழ்ப் படம் இன்று நம் கையில் இல்லை. அமெரிக்காவில் 1953-இல் வெளியான ஆங்கில வடிவம் ஒன்றை, சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்திலிருந்து வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 2000-களில் மீட்டார். படம் எடுத்த கதையைச் செட்டியாரே எழுதியிருக்கிறார். ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று புத்தகமாகக் கிடைக்கிறது. எழுதியது தங்கியது, எடுத்தது போயிற்று.

அதே கோட்டையூரில் இன்னொருவர், ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம் மட்டுமல்ல, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று பிறர் தூக்கிப் போட்டதை எல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தது ஏறத்தாழ ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைக்க வழி செய்தது. பிரதி காணாமல் போன பல படங்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட பாட்டுப் புத்தகங்கள்தான்.

பழைய பிலிம் தானாகவே மக்கிப்போகும். கம்ப்யூட்டர் கோப்பு மக்காமல் பத்திரமாக இருக்கும், ஆனா திறக்கிற சாவி தொலைஞ்சிருக்கும். ராத்திரி என் இரண்டு பொழுதுபோக்கும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இதுதான்.

“இதை ரெஸ்யூமேல போடலாமா அண்ணே?” என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். தாராளமாகப் போடலாம். என்னை எந்த இன்டர்வியூவிலும் இதைப் பற்றி யாரும் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரலின் மூலம் முழுவதும் இலவசம், வேண்டியவர் எடுத்துத் திருத்தலாம்.

அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் பழைய மலர்களில் நான்கு இன்னும் கிடைக்கவில்லை. வீட்டுப் பரணில் பிளாப்பியோ குறுந்தகடோ இருந்தால் அனுப்புங்கள். எழுத்துருக் கோப்பும் கூடவே இருந்தால் ரொம்ப நல்லது, அதுதான் சாவி. அச்சடித்த ஒரே ஒரு பக்கம் இருந்தாலும் கொடுங்கள், சரிபார்க்க உதவும். என்ன இருக்கிறது என்று தெரியாத பிளாப்பி என்றாலும் பரவாயில்லை. வாசலில் மேசை போட்டிருக்கிறோம், பிளாப்பி டிரைவும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேதான் இருப்பேன்.