விருந்தும் விரயமும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

அண்மையில் ஒரு வலீமா விருந்துக்குச் சென்றிருந்தேன். உண்டு முடித்துக் கை கழுவ மண்டபத்தின் பின்புறம் சென்றபோது, அங்கே கறுப்புப் பைகள் வரிசையாகக் குவிந்திருந்தன. ஒரு பையின் வாய் அவிழ்ந்து பிரியாணிச் சோறும், கடிபடாத இறைச்சித் துண்டுகளும், காகிதக் குவளைகளும் ஒன்றாய்ச் சிந்திக் கிடந்தன. அவற்றை அள்ளிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளரான ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து, "மிஞ்சும்னு முன்னாடியே சொல்லியிருந்தா எங்க தெருப் பிள்ளைங்களுக்குச் சூடா வாங்கிட்டுப் போயிருப்பேன் பாய். இப்ப எல்லாம் எச்சிலோட கலந்துபோச்சே" என்றார். மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை. அந்த விருந்தில் உண்டவர்களுள் நானும் ஒருவனல்லவா!

எறிந்தது எங்கே செல்கிறது?

பை கட்டி வெளியே வைத்ததோடு நம் பொறுப்பு தீர்ந்ததென எண்ணுகிறோம். ஈரச் சோறு காகிதத்தோடும் நெகிழியோடும் கலந்த நொடியிலேயே அம்மூன்றும் பயனற்றுப் போகின்றன. சோறு ஆட்டுக்கும் ஆகாது, உரத்திற்கும் ஆகாது. காகிதத்தைப் பழைய பொருள் வாங்குவோரும் ஏற்கமாட்டார். அனைத்தும் குப்பைமேட்டை அடைகின்றன. அங்கே காற்றுப் புகாத அடியில் அழுகும் உணவு மீத்தேன் வாயுவாகிறது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்துவைப்பது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. சுற்றியிருந்த மக்கள் அப்புகையைச் சுவாசித்தனர்.

இதனினும் கொடியது கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் நிகழ்ந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். மலைபோல் வளர்ந்திருந்த குப்பைமேடு சரிந்து அடிவாரத்துக் குடியிருப்புகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யாரோ எறிந்தவை யாருடைய வீட்டின் மீதோ விழுந்தன!

பெருகுவது ஏன்?

சகோதரர்களே! மண்டபத்தை மட்டும் குறை கூறித் தப்பிவிட இயலாது. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு, உண்ண இயலாத தோல், எலும்பு உட்பட, குப்பைக்குச் சென்றது. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளிலிருந்து வெளியேறியது! உலகில் 70 கோடிக்கும் மேற்பட்டோர் பசித்திருந்த காலத்தில் இது நடந்தது.

காரணங்களுள் முதன்மையானது பெருமை. "அவர் வீட்டு விருந்தில் குறைந்துவிட்டது" என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சி, ஐந்நூறு பேர் வருமிடத்தில் எழுநூறு பேருக்குச் சமைக்கிறோம். மனிதர் பேச்சுக்கு அஞ்சும் நாம், கொடுத்த ரிஸ்கைப் பற்றி அல்லாஹ் கேட்கும் நாளுக்கு அஞ்சவில்லையே! வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகளோடு திருமறை சேர்த்துரைப்பதை நாம் அறியாதவர்களா?

இரண்டாவது, கணக்கின்மை. குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதே என்று வாரத்திற்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கி, பாதியை அழுக விடுகிறோம். இதில் அடுப்படியில் நிற்கும் பெண்களை மட்டும் குறை கூறாதீர்கள். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, "நான் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று கூறும் ஆண்களாகிய நாம் அந்தச் சோற்றுக்குப் பொறுப்பில்லையா?

மூன்றாவது, பரிமாறும் முறை. ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் காயல்பட்டினத்திலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் இன்றும் உண்டு. அங்கே ஒருவர் விட்டதை மற்றவர் உண்பார். தேவைப்பட்டால் மட்டுமே மேலும் சோறு வரும். பிற இடங்களிலோ ஆளுக்கொரு தட்டு. சிறுவனுக்கும் முதியவருக்கும் கேளாமலே ஒரே அளவில் சோற்றைக் குவிக்கிறோம்.

குறைப்பது எப்படி?

கீழே விழுந்த கவளத்தையும் எடுத்துத் தூசு நீக்கி உண்ணுமாறும், தட்டை வழித்து உண்ணுமாறும் போதித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உணவின் எப்பகுதியில் பரக்கத் உள்ளதென நாம் அறியோம் என்பதே அவர்கள் தந்த விளக்கம். அந்த வழிமுறையைப் பின்பற்ற எளிய சில வழிகள் உள்ளன.

விருந்து வைப்போர் பண்டாரியிடம் பெரிய தேக்சா ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை பலவற்றில் சமைக்கச் சொல்லுங்கள். ஒன்று தீர்ந்த பின்னரே அடுத்ததன் மூடியைத் திறக்கட்டும். திறவாத தேக்சாவில் இருப்பது எச்சிலாகாது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதை முதல் நாளே பேசிவைத்து, சூடு ஆறுமுன் கொடுத்துவிடுங்கள். கெடத் தொடங்கியதைக் கொடுப்பது தருமமாகாது. பந்தியில் கேட்டுப் பரிமாறுங்கள். சிறிதாக வைத்து மீண்டும் வையுங்கள்.

வீட்டில் இருப்பதைப் பார்த்த பின்னர் கடைக்குச் செல்லுங்கள்; துணிப்பையோடு செல்லுங்கள். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி கொண்டுவாருங்கள். காய்கனித் தோலைத் தனியே ஒரு வாளியில் இட்டால் அது உரமாகும். காய்ந்த காகிதமும் நெகிழியும் தனியே சென்றால் மீண்டும் பொருளாகும்.

இறுதியாக, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிய வருவோரிடம் மஹர் எவ்வளவு, சாட்சிகள் யாவர் என்று கேட்கிறோம். "எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள்? மிஞ்சினால் யாருக்கு?" என்று இன்னும் இரு கேள்விகள் கேளுங்கள். அந்த மூதாட்டியின் தெருப் பிள்ளைகளுக்கு நம் மஹல்லா கூறக்கூடிய மறுமொழி அதுவே.

உண்பதிலும் கொடுப்பதிலும் நடுநிலை பேணும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.