ஏரிக்குச் சாட்சி சொல்லும் படம்

(ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



இந்த மேஜைமேல் இரண்டு படங்களை விரித்திருக்கிறோம். ஒன்று 1778இல் லண்டனில் அச்சான பழைய படத்தின் நகல். மற்றது நம் நாட்டு சர்வே இலாகா போட்டது.

முதல் படத்தின் கதை என்ன? 1763இல் ஆற்காட்டு நவாப், வங்காள விரிகுடாக் கரையை ஒட்டிய செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக விட்டார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கும்பினி இஞ்சினியர் அதை ஊர் ஊராக அளந்தார். எதற்காக? நம் ஊர் அழகைப் பார்க்கவா? இல்லை, வரி வாங்க! எத்தனை வீடு, எத்தனை காணி, எத்தனை ஏரி என்று கணக்கெடுத்தார்கள். சங்கிலி பிடித்து வெயிலில் நடந்த கூலியாளின் பெயர் மட்டும் படத்தில் இல்லை.

ஆனால் தோழர்களே, வரிக்காக எழுதிய கணக்கு இன்று நமக்குச் சாட்சி!

இரண்டாவது படத்தைப் பாருங்கள். நீல நிறம் தண்ணீர். மஞ்சள் பயிர் நிலம். பழுப்புக் கோடு மேடு பள்ளம் காட்டுவது. மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் அடையாற்றில் இறங்கிக் கடலுக்குப் போகும். இது ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்?

1990களின் பிற்பகுதியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று ஆலைகள் எழும்பின. ஆலை வேண்டாம் என்றா சொல்கிறோம்? அங்கேதானே நமக்குச் சோறு! ஆனால் வரத்துக்காலை மூடி மனை போட்டால், மதகில் தண்ணீர் வராது. நாற்று நடும் பெண்ணுக்குக் கூலி இல்லை. மழை கொட்டினாலோ அதே தண்ணீர் வாடகை அறைக்குள் புகும். 2015 டிசம்பரில் பார்த்தோமே! குடிசையும் மூழ்கியது, ஆலையும் நின்றது.

ஆகவே இந்தப் படத்தைப் படிக்க நாம் பழக வேண்டும். அடுத்த ஞாயிறு கிராமப் புலப்படத்தைக் கையில் எடுத்து, ஏரிக்கரையில் சேர்ந்து நடப்போம். வயலில் உழைத்த பெரியவர்கள் கால்வாய் ஓடிய தடத்தைக் காட்டட்டும். ஆலையில் உழைக்கும் இளைஞர்கள் குறித்துக் கொள்ளட்டும். படத்தில் உள்ள வாய்க்கால் தரையில் இல்லையென்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்போம்: நீர்நிலைப் புறம்போக்கு எங்கே போயிற்று?

காகிதத்தில் ஏரியை அழிக்கலாம். மழைக்கு அந்த வழி மறக்காது. நாமும் மறக்க வேண்டாம்!