நடுநிலை நின்ற தளம்



எண்ணெயையும் நீரையும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கினாலும், சிறிது நேரத்தில் அவை பிரிந்து, எண்ணெய் மேலும் நீர் கீழுமாக நிற்கும். ஆனால், எண்ணெயின் ஒவ்வொரு துளியும் நீரின் ஒரு துளியோடு நூலாற் பிணைக்கப்பட்டிருந்தால் யாது நிகழும்? பிரிய விருப்பமுண்டு, விலகி ஓட வழியில்லை. அந்நூலின் நீளத்துக்குள்ளேயே அவை தத்தமக்கு இடந் தேடிக்கொள்ள வேண்டும்.

இந்நிலையிலுள்ள பொருள்கள் உண்மையிலேயே உள்ளன. ஒன்றோடொன்று ஒவ்வாத இரு பல்பகுதியச் சங்கிலிகளை நுனியோடு நுனி இணைத்தால், இருகூற்றுப் பல்பகுதியம் கிடைக்கின்றது. பொலிஸ்ரைரீனும், பேர்ஸ்பெக்சு எனும் கண்ணாடி போன்ற பொருளும் இணைந்தது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரு கூறுகளும் ஒத்த அளவினவாயின், அவை மாறி மாறிப் படைகளாக அடுக்கப்படும். ஓர் இணைப் படையின் தடிப்பு சில பத்து நனோமீற்றரே. ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர் என்பதை நினைவிற் கொள்க.

இத்துணை நுண்ணிய கோடுகள் தாமாகவே அமைவதானால், மின்னணுச் சுற்றுகளைச் சிலிக்கன் தகட்டிற் பொறிப்பதற்கு அவற்றை அச்சாகக் கொள்ளலாமன்றோ? கொள்ளலாம்; ஆயின் ஓர் இடர்ப்பாடு உண்டு. அச்சாவதற்குப் படைகள், நூல்நிலையத் தட்டில் நிறுத்திய புத்தகங்களைப்போல நிமிர்ந்து நிற்றல் வேண்டும். அவையோ மேசைமேல் அடுக்கிய புத்தகங்களைப்போலப் படுத்துவிடுகின்றன.

காரணம் யாது? சிலிக்கன் தகட்டின்மேல் இயல்பாகப் படிந்திருக்கும் ஒட்சைட்டு, பேர்ஸ்பெக்சுக் கூற்றையே விரும்பி அணைத்துக்கொள்கின்றது. மற்றக் கூறு வளியை நோக்கி ஒதுங்குகின்றது. அடித்தளம் ஒருபக்கஞ் சாய்ந்துவிட்டதால், அதன்மேல் எழுந்த அடுக்கு முழுவதும் படுத்துவிடுகின்றது. படலத்தின் தடிப்பு படைகளின் அளவுக்குப் பொருந்தாவிடின், மேற்பரப்பிலே தீவுகளும் பள்ளங்களும் தோன்றுகின்றன.

1997 ஆம் ஆண்டில் மான்ஸ்கி, ரசல், ஹோக்கர் முதலிய அறிஞர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். அவ்விரு கூறுகளின் அலகுகளையே ஒழுங்கின்றிக் கலந்து கோத்த சங்கிலிகளை, தூரிகை மயிர்போலத் தகட்டில் ஒருமுனை பற்றி நிற்கச் செய்தனர். ஸ்ரைரீன் ஏறத்தாழ 60 சதவீதமாக இருக்கும்போது அத்தளம் எக்கூற்றையும் சிறப்பாக விரும்புவதில்லை. 200 பாகை செல்சியசையொட்டிய வெப்பநிலையில் வளியும் ஏறக்குறைய நடுநிலை வகிக்கின்றது. மேலுங் கீழும் பாகுபாடு நீங்கவே, படலத்தின் தடிப்புக்கு இணங்கி நீளவோ குறுகவோ வேண்டாத நிலையைப் படைகள் நாடுகின்றன, எழுந்து நிற்கின்றன!

நின்றாலும் அவை கைரேகை போல வளைந்து நெளிந்தே சென்றன. 2003 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து நீலி குழுவினர், படைகளின் அளவுக்கு ஒத்த இரசாயன வரிகளைத் தளத்திலே முன்னரே தீட்டி, அவற்றை நேர்கோடுகளாக்கினர். பின்னர் புறவூதாக் கதிர் படச்செய்து, வினாகிரியிலுள்ள அசற்றிக் கமிலத்தாற் கழுவினால் பேர்ஸ்பெக்சுக் கூறு நீங்கிவிடும். எஞ்சிய பொலிஸ்ரைரீன் வரம்புகளே அச்சாகின்றன.

எண்ணிறந்த கோடுகளுள் ஒன்று பிசகினும் ஒரு சுற்றுப் பழுதாகலாம். ஆதலின், பிசகுகளைக் குறைப்பதே இத்துறையினரின் பெருங் கவலை. எனினும் முதல் வெற்றி எவ்வாறு கிட்டியது என்பது எண்ணத்தக்கது. படைகளை எவரும் பிடித்து நிமிர்த்தவில்லை. அவற்றின் காலடியிலிருந்த ஓரவஞ்சனையை நீக்கினர். அவை தாமே நிமிர்ந்தன.