தனியார் நிலத்தில் நீல அட்டை
(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு வாசலில் ஒரு மாணவர் கேட்டார்: "அண்ணே, கார் வைத்திருப்பவர்களின் பார்க்கிங் பிரச்சினைக்கும் இந்த மேடைக்கும் என்ன?" நியாயமான கேள்வி. அதுவும் பிரிட்டனில் நடக்கிற விவகாரம். ஆனால் இந்த விவகாரத்தின் நடுவில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாதம் உட்கார்ந்திருக்கிறது: "இது தனியார் இடம், எங்கள் நிபந்தனைக்கு ஒத்துவந்தால் வா, இல்லாவிட்டால் வராதே." இந்த வாதத்தை மாற்றுத்திறனாளி ஓட்டுநர்கள் அங்கே எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் சம்பவம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஒரு பெரிய கடைவளாகம். முன்னால் கார் நிறுத்துமிடம். இரண்டு மணிநேரம் இலவசம். நுழைவில் ஒரு கேமரா வண்டி எண்ணைப் படிக்கிறது, வெளியேறும்போதும் படிக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணினி கழித்துப் பார்க்கிறது. சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவர் அங்கே வருகிறார் என்று வையுங்கள். கதவை முழுக்கத் திறக்க இடமுள்ள கட்டம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். நாற்காலியைத் தனித்தனிப் பாகமாக இறக்கி, பூட்டி, அதில் மாறி உட்கார வேண்டும். கடைக்குள் லிஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். பயன்படுத்தக்கூடிய கழிப்பறையைத் தேட வேண்டும். திரும்பி வந்து எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். மற்றவர்கள் ஒன்றரை மணியில் முடிக்கும் வேலைக்கு இவருக்கு இரண்டே கால் மணி ஆகிறது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் மாற்றுத்திறனாளி அட்டையைக் கேமரா பார்க்காது. அதற்கு எண் மட்டும்தான் தெரியும்.

சில நாளில் வீட்டுக்குக் கடிதம் வரும். 100 பவுண்டு கட்டு. 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும். முகவரி எப்படிக் கிடைத்தது? வாகனப் பதிவு நடத்தும் அரசு முகமையே ஒரு விவரத்துக்கு 2.50 பவுண்டு வாங்கிக்கொண்டு தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் இப்படிக் கொடுக்கப்படுகிறது. நிலம் தனியார், வசூல் தனியார், ஆளைக் காட்டிக்கொடுப்பது மட்டும் அரசு. உள்ளாட்சி அமைப்பு போடும் அபராதச் சீட்டுக்கும் இந்தத் தனியார் கடிதத்துக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் ஒன்றே: பி.சி.என். பார்த்தவுடன் அரசாங்க அபராதம் என்று பயந்து கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது அபராதம் அல்ல. ஒப்பந்தத்தை மீறினாய் என்று ஒரு கம்பெனி அனுப்பும் பணக் கோரிக்கை.

இப்போது அந்த அட்டைக்கு வருவோம். 1970இல் ஆல்ஃப் மோரிஸ் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டத்திலிருந்து பிறந்தது அது. 1971இல் ஆரஞ்சு நிறத்தில் வந்தது; 2000இலிருந்து நீலம். இங்கிலாந்தில் 2019 ஆகஸ்டிலிருந்து வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் கிடைக்கிறது. அதற்கு முன்பெல்லாம் அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொடுத்துவந்தது. வெளிர்நீல நிறம். ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. மனைவியை, பிள்ளையைக்கூட ஏற்ற முடியாது. கொடுத்தவர்களின் மனதில் அந்த மனிதருக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்கவில்லை போலும். அதிலிருந்து மீண்டு நான்கு சக்கரக் காருக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தக் கார் ஆடம்பரம் அல்ல, கால்.

நீல அட்டை இருந்தால் சாலையோர மஞ்சள் கோட்டில்கூட இங்கிலாந்தில் பொதுவாக 3 மணிநேரம் நிறுத்தலாம். ஆனால் அதன் சட்டபலம் பொதுச்சாலையோடு நின்றுவிடுகிறது. கடைவளாகத்தின் வாசலைத் தாண்டியதும் அது ஒரு காகிதம். உள்ளே உள்ள மஞ்சள் கட்டம், சக்கர நாற்காலிப் படம் எல்லாம் நில உரிமையாளர் போட்டுவைத்தவை. "எங்கள் கருணையில் உனக்கு ஒரு கட்டம் கொடுத்திருக்கிறோம், ஆனால் கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்பது அவர்கள் நிலை.

இந்த நிலைக்குப் பெரிய பலம் சேர்த்தது 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. செம்ஸ்ஃபோர்டு நகரின் ஒரு கடைவளாகத்தில், மீன்வறுவல் கடை நடத்திய பாரி பீவிஸ் என்பவர் 2013 ஏப்ரலில் காரை நிறுத்தினார். இரண்டு மணி இலவச நேரத்துக்கு மேல் 56 நிமிடம் ஆகிவிட்டது. பார்க்கிங்ஐ என்ற நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. அந்த நிலம் ஒரு விமானக் கம்பெனியின் ஓய்வூதிய நிதிக்குச் சொந்தம். வேடிக்கை என்னவென்றால், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்வதற்காக நிலக்காரர் கம்பெனிக்குப் பணம் கொடுக்கவில்லை. கம்பெனிதான் வாரம் 1,000 பவுண்டு நிலக்காரருக்குக் கொடுத்தது. அந்தப் பணமும் லாபமும் எங்கிருந்து வர வேண்டும்? நேரம் தவறுகிறவர்களிடமிருந்து. ஆனாலும் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் கட்டணம் செல்லும் என்றார்கள். இடம் சுழற்சியில் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான நோக்கம், 85 பவுண்டு அதற்கு மிகையல்ல என்பது அவர்கள் வாதம். டூல்சன் என்ற ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். தனிமனிதச் சூழ்நிலைக்கு இந்த நிபந்தனையில் துளி இடமும் இல்லையே என்பது அவருடைய கவலை.

அன்றிலிருந்து இந்த வழக்கின் பெயர் கம்பெனிகளின் கடிதங்களில் தவறாமல் வருகிறது. எதிர்த்து எழுதினால், "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று பதில். பீவிஸ் மாற்றுத்திறனாளி என்ற முறையில் வழக்காடவில்லை. சமத்துவச் சட்டம் அங்கே விவாதப் பொருளே அல்ல. மாற்றுத்திறனாளி ஓட்டுநர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கவனிக்க வேண்டும். கடிதம் வந்ததும் இயல்பாக வரும் பதில், "என்னிடம் நீல அட்டை இருக்கிறது, மன்னித்துவிடுங்கள்" என்பது. அது மனு. கம்பெனி இரங்கினால் ரத்து செய்யும், இல்லாவிட்டால் "அட்டை தனியார் நிலத்தில் செல்லாது" என்று திருப்பி அனுப்பும். சட்டப்படி அது சரிதான். விவரம் தெரிந்தவர்கள் அட்டையைச் சான்றாக மட்டும் வைத்துக்கொண்டு வேறு பேச்சுப் பேசுகிறார்கள்: "2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நீங்கள் பொதுமக்களுக்குச் சேவை வழங்குகிறவர். 20, 29ஆம் பிரிவுகளின்படி நியாயமான மாற்றம் செய்துதர வேண்டிய கடமை உங்களுடையது. இரண்டு மணி என்ற விதி என்னைக் கணிசமாகப் பாதிக்கிறது. கூடுதல் நேரம் என்பதே இங்கே நியாயமான மாற்றம். அதை நீங்கள் செய்யவில்லை."

இந்தக் கடமை முன்கூட்டியே நிற்கும் கடமை. மாற்றுத்திறனாளி வந்து கேட்ட பிறகு யோசிப்பதல்ல. வருவார்கள் என்று எதிர்பார்த்து ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும். "நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்ற பதில் அதனால் எடுபடுவது கடினம். இன்னொன்று 142ஆம் பிரிவு. இந்தச் சட்டம் தடைசெய்கிற நடத்தைக்கு வழிவகுக்கும் ஒப்பந்த நிபந்தனையை அந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்மீது அமல்படுத்த முடியாது. கம்பெனியின் முழுக் கட்டடமும் "பலகையைப் படித்தாய், ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தாய்" என்ற ஒற்றைத் தூணில் நிற்கிறது. 142 கைவைப்பது அந்தத் தூணில். அதோடு, பாரபட்சத்துக்கு ஆளானவர் ஆறு மாதத்துக்குள் கவுண்டி நீதிமன்றத்தில் தானே வழக்குத் தொடுத்து, மனம் புண்பட்டதற்கும் இழப்பீடு கேட்கலாம். 100 பவுண்டு கேட்டுக் கடிதம் போட்டவர் பிரதிவாதிக் கூண்டுக்கு வந்துவிடுகிறார்.

இந்தத் துணிச்சல் வானத்திலிருந்து விழவில்லை. 1972இல் பால் ஹண்ட் என்பவர் கார்டியன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். காப்பகங்களில் அடைபட்டிருக்கும் மாற்றுத்திறனாளிகள் தாங்களே சங்கம் அமைக்க வேண்டும் என்று அழைத்தார். அதற்குச் செவிசாய்த்தவர்களில் விக் ஃபின்கெல்ஸ்டைன் ஒருவர். தென்னாப்பிரிக்க வெள்ளையர், சக்கர நாற்காலியில் இயங்கியவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 1968இல் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர். நிறத்தின் பெயரால் எழுப்பிய தடைகளையும் உடலின் பெயரால் எழுப்பிய தடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண் அவருடையது. 1976இல் அந்தச் சங்கம் வெளியிட்ட கொள்கை அறிக்கை ஒரு வேறுபாட்டைத் திட்டமாகச் சொன்னது: உடம்பில் இருப்பது குறைபாடு, ஆளை முடக்குவது சமூகம்.

இலக்கிய அமைப்பின் மேடை என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் விளக்க அவர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. நமக்கு இலக்கணமே உதவுகிறது. "தாழ்ந்தவர்" வேறு, "தாழ்த்தப்பட்டவர்" வேறு. அந்தச் செயப்பாட்டு வினைக்குள் தாழ்த்தியவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். அதேபோல "முடங்கியவர்" அல்ல, "முடக்கப்பட்டவர்". "மாற்றுத்திறனாளி" என்ற சொல் மரியாதையானதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் முடக்கியவன் காணாமல் போய்விடுகிறான்.

1992இல் மாற்றுத்திறனாளிகளுக்காக நிதி திரட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாசலிலேயே அவர்கள் திரண்டு, எங்களைக் காட்டிப் பிச்சை எடுக்காதே என்று மறியல் செய்தார்கள். பேருந்துகளோடு தங்களை விலங்கிட்டுக்கொண்டார்கள். 1995இல் முதல் பாரபட்சத் தடைச் சட்டம் வந்தது அந்தச் சூழலில்தான்.

எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டணமே கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் கேட்கவும் இல்லை. தங்களுக்கான கட்டத்தில் "ஒரு நிமிஷம்தானே" என்று வண்டியைச் சொருகுகிறவர்கள்மீது யாராவது நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். அந்தக் கட்டங்களைக் காப்பது நாங்கள்தான் என்று கம்பெனிகள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் கேமரா வாசலில் இருக்கிறது, கட்டத்தில் இல்லை. அத்துமீறி நிறுத்தி அரைமணியில் போகிறவர் அதற்குத் தெரியவே தெரியாது. மெதுவாக நடக்கிறவர்தான் மாட்டுகிறார்.

வழக்காடுவதற்கும் உடல் வேண்டும், நேரம் வேண்டும், கடிதம் எழுதத் தெரிய வேண்டும். சிறுவழக்குப் பிரிவில் தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பொதுவாகத் தலையில் விழாது என்பது ஒரு ஆறுதல். முதல் மேல்முறையீட்டு அமைப்பை நடத்தும் செலவைப் பார்க்கிங் கம்பெனிகளே ஏற்கின்றன. அதன் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், ஓட்டுநரைக் கட்டுப்படுத்தாது. நாடாளுமன்றம் 2019இல் ஒரு சட்டம் இயற்றி, அரசே நடத்தை விதி வகுக்க வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் விதி வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஜூனில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

டக் பாலி என்ற சக்கர நாற்காலிப் பயணியின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போகும் பேருந்தில் அவருக்கான இடத்தில் குழந்தை வண்டி நின்றது. தாய் நகர மறுத்தார். இவர் ஏற முடியவில்லை. ஒரு பேருந்துப் பயணத்துக்கான வழக்கு 2017 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கேட்டுப் பார்த்ததோடு ஓட்டுநர் நிறுத்திக்கொள்ளக் கூடாது, அதற்கு மேலும் செய்ய வேண்டும் என்பது தீர்ப்பு. கீழ்நீதிமன்றம் கொடுத்திருந்த 5,500 பவுண்டு இழப்பீடு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வென்றவர் வெறுங்கையோடு போனார்.

தனியார் நிலம் என்ற வாதத்தை அண்ணல் எங்கே சந்தித்தார் என்று உங்களுக்குத் தெரியும். மகத் என்றால் 1927 மார்ச் 20 நினைவுக்கு வரும், டிசம்பரில் மனுஸ்மிருதி எரித்தது நினைவுக்கு வரும். நடுவில் நடந்த வழக்கை நாம் அதிகம் பேசுவதில்லை. சவுதார் குளம் தனியார் சொத்து என்று சொல்லித்தான் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள், தடையாணையும் வாங்கினார்கள். ஊரே குடிக்கும் குளம், வேற்று மதத்தவரும் மொள்ளும் குளம், நம் கை பட்டதும் தனியார் சொத்தாகிவிட்டது. அந்த வாதத்தை உடைக்க 1937 மார்ச் வரை, பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு சொல்வது, உரிமையாளர் தனியாராக இருந்தாலும் பொருந்தும். அந்தப் பட்டியலில் சாதி இருக்கிறது, மதம் இருக்கிறது, பால் இருக்கிறது. உடற்குறைபாடு இல்லை. சட்டம் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பார்க்கிங் கம்பெனியை மடக்கும் அதே 2010 சமத்துவச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் சாதியைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அமைச்சர் விரும்பினால் சாதியைச் சேர்க்கலாம் என்று இருந்ததை, 2013இல் நாடாளுமன்றம் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று மாற்றியது. அரசு சேர்க்கவில்லை. 2018இல், சேர்க்கப் போவதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அறிவித்துவிட்டது. அவர்கள் காட்டிய தீர்ப்பு பெர்மிலா திர்க்கியின் வழக்கு. பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஆதிவாசிப் பெண். 2015இல் குறைந்தபட்சக் கூலி பாக்கியாக மட்டும் ஏறத்தாழ 1,84,000 பவுண்டு அவருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. பிரிட்டனில் உள்ள தலித் அமைப்புகள் அந்த ஒரு வரிக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. அவர்களும் மாற்றுத்திறனாளி ஓட்டுநர்களும் புரட்டுவது ஒரே புத்தகத்தைத்தான். 142ஆம் பிரிவை இந்தக் கண்ணோடு யாராவது தமிழில் எழுதினால், அடுத்த ஆண்டு இந்த மேடையில் அதைக் கேட்க நான் வருவேன்.