பித்தளை வாஷரில் ஒரு துளை



தண்ணீர்க் குழாய் சொட்டினால் கடையில் ஒரு வாஷர் வாங்கி வந்து மாட்டுகிறோம். நடுவில் துளையுள்ள சின்ன வட்டத் துண்டு அது. ஏறக்குறைய அப்படிப்பட்ட ஒரு பித்தளை வாஷர்தான் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர் விமானங்களை வாட்டிய பெரிய குறை ஒன்றைத் தீர்த்து வைத்தது. அதை வடிவமைத்தவர் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகள். அவர் பெயர் பியாட்ரிஸ் ஷில்லிங். அந்தத் துளைக்குப் பின்னால் இருந்த அறிவு என்ன, அது அவருக்கு எப்படி வந்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். 1940-ஆம் ஆண்டில் பிரிட்டனின் வானத்தைக் காத்தவற்றுள் முதன்மையானவை ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்னும் இருவகை விமானங்கள். இரண்டிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சின். அதற்குப் பன்னிரண்டு சிலிண்டர்கள். கொள்ளளவு 27 லிட்டர். 100 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் 270-ஐ ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. ஆயிரம் குதிரைச் சக்திக்கு மேல் கொடுத்தது.

இத்தனை பெரிய எஞ்சினுக்கும் பெட்ரோலை அளந்து கொடுத்தது, அந்தக் கால மோட்டார் சைக்கிளில் இருந்ததைப் போன்ற மிதவைக் கார்புரேட்டர்தான். அதன் வேலை எளிது. கழிவறையில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறித் தண்ணீர் வரும் வழியை மூடும். தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கி வழியைத் திறக்கும். கார்புரேட்டரில் தண்ணீருக்குப் பதில் பெட்ரோல். மற்றபடி வேலை அதேதான்.

தொட்டி அசையாமல் இருக்கும்வரை சரி. ஆனால் போர் விமானம் அசையாமல் இருக்குமா? தோட்டத்து மண்சாலையில் லாரி வேகமாகப் போய் ஒரு மேட்டைத் தாண்டும்போது, பின்னால் நிற்பவர்களின் உடம்பு ஒரு கணம் மேலே எழும்பும். வயிற்றில் ஏதோ செய்யும். விமானி விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் இதுவே பல மடங்காக நடக்கும். விமானி மட்டுமல்ல, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலும் மேலே எழும்பித் தொட்டியின் கூரையில் ஒட்டிக்கொள்ளும்.

அப்போது இரண்டு தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில், எஞ்சினுக்குப் பெட்ரோல் எடுக்கும் வழி வறண்டு போகும். எஞ்சின் இருமும். இது நொடிப் பொழுதில் தீரும். அடுத்து வருவது அதைவிடக் கெட்டது. பெட்ரோல் மேலே போனதால் மிதவை கீழே இறங்கும். தொட்டி காலியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டதுபோல் வழியை முழுவதுமாகத் திறந்துவிடும். பம்பு தன் முழு வேகத்தில் பெட்ரோலைக் கொட்டும். எஞ்சினால் எரிக்க முடியாத அளவுக்குப் பெட்ரோல் நிறைந்து, அது திணறி நிற்கும்.

எதிரே வந்த ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் எஞ்சினில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. ஆகவே, துரத்தப்பட்ட ஜெர்மானிய விமானி மூக்கைக் கீழே அழுத்திப் பாய்ந்து தப்பினார். பின்தொடர்ந்த பிரிட்டிஷ் விமானியோ முதலில் விமானத்தைப் புரட்டிக்கொண்டு, அதன் பிறகே கீழே பாய வேண்டும். அதற்குள் எதிரி கைக்கெட்டாத தூரம் போயிருப்பார். தப்பி ஓட வேண்டியவர் பிரிட்டிஷ் விமானியாக இருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் மெர்லினை வடிவமைத்தவர்கள் அறியாதவர்களா? இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்கிறது. ஈரத்துணி சுற்றிய பானையில் தண்ணீர் குளிர்வது போல. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதனால் எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி கிடைத்தது. ஒரு நன்மையை எடுத்துக்கொண்டார்கள், அதோடு ஒரு தீமையும் வந்தது. இயந்திரங்களில் இது வழக்கமாக நடப்பதுதான்.

இந்தச் சிக்கல் பார்ன்பரோ நகரில் இருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. அங்கே 1936-ஆம் ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங். 1909-இல் பிறந்த அவர் பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கியவர். பள்ளி முடிந்ததும் மார்கரெட் பார்ட்ரிஜ் என்னும் பெண் மின் பொறியியலாளரிடம் தொழில் பழகினார். கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை. இந்தப் பெண்ணுக்கு இதைவிட மேலே போகத் தகுதி உண்டு என்று கண்ட பார்ட்ரிஜ் அம்மையார் அவரைப் படிக்கத் தூண்டினார். 1932-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். தொடர்ந்து இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அதோடு நிற்கவில்லை. லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸ் என்ற பந்தயத் திடல் இருந்தது. 1907-இல் திறக்கப்பட்ட அந்தத் திடலின் ஓடுபாதை கான்கிரீட்டினால் ஆனது. வளைவுகளில் சுவர்போல் சாய்ந்திருக்கும். ஜான் காப் என்னும் பந்தய வீரர் 1935-இல் அங்கே மணிக்கு 143 மைல் வேகத்தில் ஒரு சுற்று வந்தார். அவருடைய காரில் இருந்தது 24 லிட்டர் கொண்ட விமான எஞ்சின்! அதே திடலில் விமானத் தொழிற்சாலைகளும் இருந்தன. மெர்லின் பொருத்திய ஹரிக்கேன் முதன்முதலில் வானில் ஏறியதும் 1935-இல் அங்கிருந்துதான். ஷில்லிங் தம் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் அங்கே மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்று வந்து தங்க நட்சத்திரம் பெற்றார். நூறு மைலைத் தாண்டியவர்களுக்கே அந்த நட்சத்திரம். ஜார்ஜ் நெய்லர் என்பவரை அவர் 1938-இல் மணந்தார். நீங்களும் தங்க நட்சத்திரம் வாங்கினால்தான் திருமணம் என்று அவரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு.

பந்தய எஞ்சினைத் தம் கையால் பிரித்துப் பூட்டிய அந்தப் பெண் மெர்லினின் குறையை எப்படிப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். எஞ்சினை நிறுத்துவது பெட்ரோல் இல்லாமை அல்ல, மிகுதியான பெட்ரோல் என்று கண்டார். முழுச் சக்தியில் ஓடும் எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று கணக்கிட்டார். அவ்வளவு மட்டும் போகக்கூடிய துளை ஒன்றைப் பித்தளையில் இட்டு, கார்புரேட்டருக்குச் சற்று முன்னால் பெட்ரோல் குழாயில் பொருத்தச் செய்தார். மிதவை ஏமாந்து வழியை எவ்வளவு திறந்தாலும் துளைக்கு மேல் பெட்ரோல் வராது. வெள்ளம் நின்றது.

எஞ்சினைக் கழற்ற வேண்டியதில்லை. விமானத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகச் சென்று வாஷரைப் பொருத்த ஏற்பாடு செய்தார். 1941 மார்ச் மாதத்துக்குள் பிரிட்டனின் போர் விமானங்கள் எங்கும் அது பரவிவிட்டது. அவருக்கு மணமாகி இரண்டாண்டுகளுக்கு மேல் ஆகியும், விமானப்படையினர் அதை மிஸ் ஷில்லிங்கின் துளை என்றே அழைத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். 1940-இல் நடந்த பிரிட்டன் வான்போரை இந்த வாஷர்தான் வென்றது என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் போர் 1940 அக்டோபரில் முடிந்தது. வாஷர் வந்தது அதற்குப் பிறகு. அது முழு மருந்தும் அல்ல. முதல் இருமல் இருந்தது. தலைகீழாக நீண்ட நேரம் பறக்கவும் முடியாது. 1943-இல் புதுவகைக் கார்புரேட்டர் வந்தபோதுதான் குறை முற்றிலும் நீங்கியது. ஆனால் அதுவரை விமானிகள் காத்திருக்க முடியுமா? இடைப்பட்ட காலத்தில் அவர்கள் உயிருக்குத் துணை நின்றது அந்தப் பித்தளைத் துண்டு.

பெற்றோர்களே, பள்ளிப் படிப்பும் கைப்பழக்கமும் ஷில்லிங்கிடம் ஒன்று சேர்ந்திருந்தன. கணக்குத் தெரியாவிட்டால் துளையின் அளவு தெரிந்திருக்காது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்திராவிட்டால் துளை என்ற எண்ணமே தோன்றியிருக்காது. நம் வீடுகளில் சைக்கிள் சங்கிலி கழன்றால் மகனைக் கூப்பிடுகிறோம். மகள் ஸ்பேனரை எடுத்தால், உனக்கு ஏன் இந்த வேலை என்கிறோம். அடுத்த முறை அவளிடமே கொடுத்துப் பாருங்கள். கையில் கிரீஸ் பட்டால் சோப்புப் போட்டால் போய்விடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை. பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, மிதவை எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். விரலால் அதை மெல்லக் கீழே அழுத்துங்கள். தண்ணீர் பாய்ந்து வரும். மெர்லினுக்கு நேர்ந்தது அதுதான். பிறகு, அந்தப் பாய்ச்சலைக் குறைக்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தம்பி தங்கைகளோடு சேர்ந்து யோசியுங்கள்.