பெஞ்சில் இருந்தவன்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கூடைப்பந்து பத்தி ரெண்டு வார்த்தை பேசுப்பா"ன்னு செயலாளர் சொன்னார். கல்லூரி அணியில் மூன்று வருஷம் நான் ஆடியதைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். ஆகவே பெஞ்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தபின், எங்கள் தொழிற்சாலை அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் அப்ரண்டிஸாக வந்தான். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். நல்ல உயரம், நல்ல ஓட்டம். ஆனாலும் ஒரு சீசன் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்கத்தான் அவனை வைத்திருந்தேன். நான் பட்டதை மறந்தே போனேன்.

ஓர் அரையிறுதியில் எங்கள் ஆள் ஒருவர் ஐந்தாவது ஃபவுலில் வெளியே வந்தார். இன்னொருவருக்கு அன்று பி ஷிப்ட். கடைசி நாலு நிமிஷத்துக்கு இவனை இறக்கினேன். முதல் பாஸே கையிலிருந்து நழுவியது. "ஏம்ப்பா!" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் பந்து வந்தாலே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட்டான். தோற்றோம். பஸ் ஏறும்போது, "சார், நாளையிலேர்ந்து நான் வரல. வேற ஆளை வச்சுக்குங்க" என்றான்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர். ஆக ஓர் ஆட்டத்துக்கு 200 நிமிடம் பங்கு போடலாம். சீசன் முழுக்க இவனுக்குப் பத்து நிமிஷங்கூடத் தரவில்லை. ஓட்டியே பார்க்காத மெஷினில் அவசர ஆர்டரை ஏற்றிவிட்டு, மெஷினைத் திட்டலாமா?

அமெரிக்காவில் ஜெரமி லின் என்ற ஆட்டக்காரரை 2011 டிசம்பரில் இரண்டு அணிகள் கழித்துவிட்டன. நியூயார்க் நிக்ஸ் எடுத்துப் பெஞ்சில் வைத்தது. 2012 பிப்ரவரி 4 அன்று எழுந்து வந்து 25 புள்ளிகள் எடுத்தார். ஆறு நாள் கழித்து லேக்கர்ஸுக்கு எதிராக 38. உலகமே அதிசயம் என்றது. ஆனால் ஜனவரியிலேயே அவரைச் சிறிய லீக்குக்கு அனுப்பி ஆட விட்டிருந்தார்கள். அங்கே ஒரே ஆட்டத்தில் 28 புள்ளிகள் எடுத்திருந்தார்.

நான் பையன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மூன்று காரியம் செய்தேன். எதிரணியில் பந்தைத் தட்டி வருபவரை மறிப்பது என்று ஒரே ஒரு வேலை கொடுத்தேன். இரண்டாம் கால்பகுதியில் முதல் 5 நிமிடம் அவனுடையது, தப்புப் பண்ணினாலும் வெளியே எடுக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சின்னப் போட்டிகளுக்கு இரண்டாம் அணியை அனுப்பி, அவனையே கேப்டனாக்கி முழு ஆட்டமும் ஆட விட்டேன்.

ஐந்து நிமிடம் எட்டாயிற்று, அடுத்த வருஷம் இருபதாயிற்று. அதில் ஒரு சீனியரின் இடம் போயிற்று. அவர் கொஞ்ச காலம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருத்தத்தையும் பயிற்சியாளர்தான் சுமக்கணும்.

2017 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா அரங்கில் மகளிர் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டம். சென்னை அனிதா பால்துரை தலைமையில் நம் அணி கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. அவனும் நானும் ஒன்றாகப் போயிருந்தோம். கடைசி நிமிஷத்தில் அரங்கமே பந்தைப் பார்க்க, அவன் மட்டும், "சார், பெஞ்சைப் பாருங்க, ஒருத்தரும் உட்காரல" என்றான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி மைதானத்தில் வருஷம் ஒரு போட்டி நடத்துவோம். அதில் முதல் ஐந்து பேருக்கு இடம் வேண்டாம், பெஞ்சில் இருப்பவர்கள் மட்டும் ஆடட்டும். பந்து நான் வாங்கித் தருகிறேன்.