காணொளிச் செயலியின் முதல் அரைமணி நேரம்
(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழக மாணவன் ஒருவன் இச்சபையிற் பேச வந்தால் இலக்கியமோ விஞ்ஞானமோ பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட விடயமோ கைத்தொலைபேசியிற் படம் பார்க்கத் தொடங்குவது எப்படி என்பது. இது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆயினும் நம் வீடுகள் பலவற்றில் மாலைப்பொழுது அந்தச் சிறு கண்ணாடியின் முன்னேதான் கழிகின்றது. பொழுதோடு பணமும் கழிகின்றது. ஆகையால் இதனைச் சற்று நின்று ஆராய்வது வீண்வேலை ஆகாது.

நமது நாட்டில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டிலும் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலும் ஆரம்பமாயின. நிலையத்தார் எதைத் தந்தார்களோ அதையே ஊர் முழுவதும் கேட்டது, பார்த்தது. இரவானதும் நிலையம் மூடப்பட்டது, வீடும் உறங்கிற்று. காணொளிச் செயலியோ வேறு சாதி. அதற்கு மூடும் நேரம் இல்லை. என் கைபேசியில் அது காட்டும் முகப்பு வேறு. என் தம்பியின் கைபேசியிற் காட்டும் முகப்பு வேறு. நாம் எதைத் தேடினோம், எதை இறுதிவரை பார்த்தோம், எதைப் பாதியில் விட்டோம் என்பவற்றைக் குறித்துவைத்து, அவற்றிலிருந்தே அடுத்த படத்தை அது தெரிந்தெடுக்கின்றது. நாம் அதைப் பார்க்க, அது நம்மைப் பார்க்கின்றது.

இச்செயலிகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். யூரியூப் 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூன்று இளைஞரால் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே கூகிள் நிறுவனம் அதனை 165 கோடி டொலருக்கு வாங்கிற்று. நெற்பிளிக்ஸ் 1997இல் நிறுவப்பெற்று, முதலிற் படத்தட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிவந்தது. 2007இல் இணையவழியே படம் காட்டத் தொடங்கி, 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளுக்குப் பரவிற்று. நமது நாடும் அவற்றுள் ஒன்று. முன்னையது பெரும்பாலும் விளம்பரத்தாற் பிழைக்கின்றது. பின்னையது பெரும்பாலும் மாதச்சந்தாவாற் பிழைக்கின்றது. நாம் நீண்ட நேரம் பார்த்தால் ஒன்றுக்கு இலாபம். நாம் விட்டுப் போகாதிருந்தால் மற்றதற்கு இலாபம். இதிற் குற்றம் காண நான் வரவில்லை. கடைக்காரன் தன் கடையைத் தன் வசதிக்கேற்பவே அடுக்குவான். செயலி கைக்கு வரும்போது அதன் அமைப்புகளும் அப்படியே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நம் வசதிக்கு மாற்றியடுக்க முதலில் அரைமணி நேரம் செலவிட வேண்டும் என்பதே என் பேச்சின் சாரம்.

முதலாவது, செயலியைப் பெறுதல். அன்ட்ரொயிட் கைபேசிகளிற் பெரும்பாலும் யூரியூப் முன்னரே இருக்கும். ஏனையவற்றைப் பிளே ஸ்டோர் அல்லது அப் ஸ்டோரில் மாத்திரம் பெறுங்கள். "சந்தா இல்லாமல் எல்லாப் படமும் பார்க்கலாம்" என்று வட்சப்பில் வரும் இணைப்புகளைத் தொடவேண்டாம். "உங்கள் சந்தா நிறுத்தப்பட்டது, அட்டை இலக்கத்தை உடனே தருக" என்று வரும் செய்தியையும் நம்பவேண்டாம். ஐயமிருந்தால் செயலியை நீங்களே திறந்து, கணக்குப் பகுதியிற் பாருங்கள். சந்தாச் செயலிக்குக் கடன் அட்டை கொடுக்குமுன், மாதந்தோறும் பணம் தானாகவே கழியும் என்பதையும், நிறுத்தும் இடம் எது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, டேற்றாச் செலவு. இதற்குப் படம் எப்படி வருகின்றது என்பது தெரியவேண்டும். முழுப்படமும் ஒரே தடவையில் வருவதில்லை. சில வினாடிகள் நீளமான சிறு துண்டுகளாக வந்துகொண்டேயிருக்கும். கிணற்றிலிருந்து இறைத்த நீர் தொட்டியில் நிறைய, அங்கிருந்து வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாய்வது போலத்தான். கைபேசியிலும் அப்படி ஒரு சிறு தொட்டி உண்டு. தொட்டி வற்றினால் நடுவில் அந்த வட்டம் சுழலத் தொடங்கும். அதற்கு இடங்கொடாமல், வேகம் குறையும்போது தெளிவு குறைந்த துண்டுகளையும் வேகம் கூடும்போது தெளிவு கூடிய துண்டுகளையும் செயலி தானே தெரிந்தெடுக்கும்.

வேகம் நல்லதாயிருக்கையிற் செலவு கூடுவது இதனாலேயே. வினாடிக்கு 1 மெகாபிற் வீதம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 450 மெகாபைற் கரையும். 1080 அளவுத் தெளிவுக்கு வினாடிக்கு 5 மெகாபிற் வேகம் வேண்டுமென நெற்பிளிக்ஸ் கூறுகின்றது. அந்த வேகத்தில் ஒரு மணித்தியாலம் முழுதும் ஓடினால் 2.25 ஜிகாபைற். 1080 அளவுப் படத்திலுள்ள புள்ளிகள் 480 அளவிலுள்ளவற்றைப் போல ஐந்து மடங்கு. உள்ளங்கை அகலத் திரையில் அந்த வேற்றுமை கண்ணுக்கு அதிகம் புலப்படாது. ரீலோட் காசுக்கு மாத்திரம் நன்றாகப் புலப்படும். ஆகவே செற்றிங்ஸ் பகுதியிற் காணொளித் தரம் என்னும் இடத்துக்குச் சென்று, மொபைல் இணைப்பில் டேற்றாச் சிக்கனத்தைத் தெரிவுசெய்யுங்கள். வைபை உள்ள இடத்தில் வேண்டுமானால் உயர்தரம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தானாக ஓடுதல். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானே ஆரம்பிக்கும். யூரியூபிற் படத்தின் மேற்பகுதியிலேயே அதற்குரிய ஆளி உண்டு. நெற்பிளிக்ஸில் அவரவர் பெயர்ப்பக்க அமைப்பில் உண்டு. அதை நிறுத்திவிடுங்கள். படம் முடிந்ததும் திரை அமைதியாக நின்றால், "இன்னும் ஒன்று பார்ப்பதா, எழுந்து போவதா" என்ற கேள்வி நம்மிடம் வரும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு அந்த ஒரு கேள்வியின் பெறுமதி பெரிது. ஓய்வெடுக்க நினைவூட்டும் வசதியும், உறங்கும் நேரத்தை நினைவூட்டும் வசதியும் யூரியூபில் உண்டு. அவற்றையும் உபயோகிக்கலாம்.

நான்காவது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப்பக்கம். நெற்பிளிக்ஸ் கணக்கொன்றில் ஐந்து பெயர்ப்பக்கங்கள் வரை அமைக்கலாம். பிள்ளைகளுக்கெனத் தனிப்பக்கம் வைத்து, வயதுக்கு ஏற்ற எல்லையைக் குறிக்கலாம். பெரியோரின் பக்கத்துக்கு இரகசிய இலக்கம் இடலாம். எல்லாரும் ஒரே பக்கத்திற் பார்த்தால், தம்பி பார்த்த சண்டைப்படத்தின் தம்பிமாரெல்லாம் அம்மாவின் முன்னே வந்து வரிசையாக நிற்பார்கள்!

ஐந்தாவது, முதல் வாரம். புதிய கணக்குக்கு நம்மைத் தெரியாது. அந்த வாரத்தில் முகப்பில் வருவதைத் தொடாமல், தேடும் இடத்தில் நமக்கு வேண்டியதை எழுதித் தேடுங்கள்: கணிதப் பாடமோ, நாதஸ்வரக் கச்சேரியோ, தையல் முறையோ. வேண்டாதது வந்தால் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு விருப்பமில்லை என்று சொல்லுங்கள். பார்த்தவற்றின் பட்டியலையும் அழிக்கலாம். நாம் தேடிப் பார்த்தால் அது நம்மிடம் பாடம் படிக்கும். கண்டதையெல்லாம் தொட்டால் நாம் அதனிடம் பாடம் படிப்போம்.

இனி, என்னையொத்த இளைஞருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் அம்மம்மாவோ பெரியப்பாவோ, "தம்பி, அந்தப் பழைய பாட்டை ஒருக்காப் போட்டுவிடு" என்று கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "பொறுங்கோ, நான் போட்டுத் தாறன்" என்று கைபேசியைப் பறித்து, இரண்டு நிமிடத்திற் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறோம். பாட்டு முடிந்ததும் அவர்கள் முன் என்ன வருகின்றது என்பதை நாம் பார்ப்பதில்லை. நிறுத்தத் தெரியாமல் அவர்கள் எதையெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; அல்லது கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நம் வரவுக்குக் காத்திருக்கிறார்கள். வாசிகசாலையில் நாற்பது ஆண்டு தாமே பத்திரிகை தெரிந்தெடுத்து வாசித்தவர்கள், ஒரு பாட்டுக்காகப் பேரனின் கையை எதிர்பார்க்கும் நிலைமை நல்லதன்று.

அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியவை ஐந்தே: திறத்தல், தேடல், நிறுத்தல், பின்னே திரும்பல், மூடல். எழுத்துத் தட்டுவது சிரமமாயின், கைபேசியின் மொழி அமைப்பிலே தமிழைச் சேர்த்துவிட்டால் ஒலிவாங்கி அடையாளத்தை அழுத்தித் தமிழிலேயே சொல்லித் தேடலாம். விரும்பிய பாடல்களை ஒரு பட்டியலாகச் சேர்த்தும் வைக்கலாம். ஆனால் அழுத்துவது அவர்களுடைய விரலாகவே இருக்கட்டும். நமது விரல் சற்றுப் பொறுத்திருக்கட்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். "இது உங்கட காலத்துச் சாமான், எங்களுக்கு வேண்டாம்" என்று விலகவேண்டாம். பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்கும் உரிமை, அதைத் திறக்கத் தெரிந்தவருக்கே நன்றாக அமையும்.

இன்றிரவு வீடு சென்றதும் ஒவ்வொருவரும் ஒரு மூத்தவருடன் அரைமணி நேரம் உட்காருங்கள். முதலில் அந்தத் தானியங்கி ஆளியை நிறுத்துங்கள். மற்றவை ஒவ்வொன்றாக வரும்.